விளக்கு எரிகிற நாட்களின் விறகுக் கணக்கு

தொட்டிக்காரர் வீட்டு அடுப்பு தொட்டி விறகில் பற்றாது. செங்கம் ரோட்டுப் பக்கம் இது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. ஹபீப் முகம்மதுவின் விறகுத் தொட்டியில், அதாவது விறகுக் கடையில், சவுக்கும் வேலங்கட்டையும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். லாரி வந்து இறக்கிவிட்டுப் போகும், கோடாலிக்காரர்கள் பிளந்து போடுவார்கள், தராசு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் அவர் மனைவி பீபி ஜான் காலையில் அடுப்பு மூட்ட வேண்டுமென்றால், மலையிலிருந்து மலையடித் தெரு உண்ணாமலை தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடும் சுள்ளிதான் வேண்டும். "உங்க கட்டை பத்திக்கிறதுக்குள்ள மத்தியானத் தொழுகை வந்துடும்" என்று அந்த அம்மாள் புருஷனைச் சீண்டுவாள். அவரும் பதில் பேசாமல் டீயைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போவார். பதில் பேசினால் மறுநாள் டீ வராது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வீட்டுப் பெண்தான் வஜீதா. வேலூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து, எண்பத்து மூன்றில் அங்கேயே எம்.ஃபில். சேர்ந்தவள். அவள் தெருவில் பெண் பிள்ளை பத்தாவது தாண்டினாலே கல்யாணப் பேச்சு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட தெருவிலிருந்து இவள் திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் புத்தக மூட்டையோடு இறங்கினாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு யாருக்கும் இலவசம்தானே.

அவளை எம்.ஃபில்.லில் சேர்த்துவிட்டதே பேராசிரியர் பலராமன்தான். அவரே ஒருநாள் தொட்டிக்கு வந்து, பிளக்காத கட்டை ஒன்றின்மேல் வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்து, ஹபீப் முகம்மதுவிடம் ஒரு மணி நேரம் பேசினார். இந்தப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்கு இல்லை பாய், எனக்குத்தான் என்றார். மரத்தையும் தண்ணீரையும் மண்ணையும் பொருளாதாரத்தில் சேர்த்துப் பேசியவர் அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள், காட்டு இலாகா வேலையை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்பார்கள். அவர் சட்டை செய்யமாட்டார். வஜீதாவுக்கு அவர்மேல் இருந்தது வெறும் மரியாதை இல்லை, பிரியம். நல்ல மனிதர் ஒருவர் தப்பு செய்யும்போதுதான் சங்கடம். கெட்டவன் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அவர் செய்த தப்பு இதுதான்.

மலையின் சரிவுகள் மொட்டையாகிக்கொண்டு வருகின்றன, மலையைக் காக்க ஒரு திட்டம் வேண்டும் என்று ஒரு குழு அமைந்திருந்தது. அதற்கு அறிக்கை எழுதும் பொறுப்பு பலராமனிடம் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு விறகு மலையிலிருந்து இறங்குகிறது என்று எண்ண வேண்டும். முந்தின வருஷம் கார்த்திகையில் எண்ணலாம் என்று முதலில் நினைத்தார். பிறகு யோசித்தார். தீபத் திருவிழாவில் ஊர் ஊராகக் கூட்டம் வரும், பஸ் கிடைக்காது, அது சாதாரண நாள் ஆகாது, அந்தக் கூட்டத்தில் எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். எல்லாம் ஓயட்டும் என்று காத்திருந்து, மலை உச்சியில் தீபம் அணைந்த மறுநாள் மாணவர்களை வேலூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து அடிவாரப் பாதைகளில் நிறுத்தினார். இரண்டு நாள் எண்ணினார்கள். வந்த எண்ணைச் சராசரி எடுத்து, வருஷத்தின் எல்லா நாளுக்கும் பெருக்கினார்கள். மலை இன்னும் எட்டே வருஷத்தில் வழுக்கையாகிவிடும் என்று அறிக்கை சொன்னது. சரிவைச் சுற்றி முள்வேலி போட வேண்டும், கத்தியோடு ஒருவரும் ஏறக் கூடாது, ஏறினால் அபராதம் என்று பரிந்துரை செய்தது.

வஜீதாவின் எம்.ஃபில். ஆய்வு அந்த எண்ணின்மேல்தான் கட்டப்பட வேண்டும். அந்த விறகின் மதிப்பு என்ன, அதனால் மண் எவ்வளவு போகிறது, ஏரிக்குத் தண்ணீர் எவ்வளவு குறைகிறது, வேலி போட்டால் லாபம் எவ்வளவு. மூன்றாம் அத்தியாயத்தை எழுதும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தொட்டியில், அத்தாவின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கப் பெருக்க அவளுக்கு ஒரு நெருடல். இந்த எண் சரியென்றால் ஊரில் பாதி அடுப்பு மலை விறகில்தான் எரிகிறது. அப்படியென்றால் அத்தா தினம் இத்தனை வண்டி விறகை யாருக்கு விற்கிறார்? ஜின்களுக்கா? ஊரில் இருக்கும் மற்ற தொட்டிகளெல்லாம் என்றைக்கோ மூடிப் பூட்டுப் போட்டிருக்க வேண்டுமே.

கணக்கில் தப்பில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பிறகுதான் எண்ணிய தேதியைப் பார்த்தாள். பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தராசுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மலையடித் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உச்சியில் தீபம் எரிகிற பத்துப் பதினொரு நாளும் அவர்களில் ஒருத்தியும் கத்தியோடு மலை ஏறமாட்டாள். மலைதான் சாமி. சாமியின் தலையில் விளக்கு எரியும்போது யாராவது அவர் முடியை அறுப்பார்களா? அதனால் அந்த நாட்களில் விறகு கிடையாது. தீபத்துக்கு முன்னாலேயே பீபி ஜான் சுள்ளி சேர்த்து வைப்பாள், அதுவும் தீர்ந்தால் மரத்தூள் அடுப்பை மூட்டிப் புகையில் கண் எரிந்து திட்டுவாள். விளக்கு அணைந்ததும் ஊரே விறகுக்கு ஏங்கிக் கிடக்கும். அப்போது தாயும் மகளும் மருமகளும் என்று தெருவே திரண்டு மலை ஏறும். ஒருத்தி இரண்டு நடை, மூன்று நடை போவாள். பத்து நாள் விறகும் இரண்டு நாளில் இறங்கும். வஜீதா குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்தது இது. பலராமன் சார் அசாதாரண நாளைத் தவிர்க்கப் பார்த்து, வருஷத்திலேயே மிகவும் அசாதாரணமான இரண்டு நாளில் போய் நின்றிருக்கிறார்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது. இந்த எண்ணைக் காட்டித்தான் வேலி வரப்போகிறது. வேலி வந்தால் உண்ணாமலை என்ன செய்வாள் என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. உண்ணாமலைக்குப் புருஷன் இல்லை. மலையும் ஒரு கத்தியும் ஒரு சும்மாடுத் துணியும்தான் அவள் சொத்து. அவளைப் போல அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி.

திங்கட்கிழமை வேலூரில் பலராமனின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பெண்ணே, நல்லாக் கண்டுபிடித்தாய் என்று தோளில் தட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் திரும்பி வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"அறிக்கை குழுவுக்குப் போயாச்சும்மா. அடுத்த மாசம் கூட்டம். இப்ப போய் தேதி தப்புன்னா எல்லாரும் சிரிப்பாங்க. சுற்றுப்புறச் சூழல்னு இனிமே நான் வாயைத் திறக்க முடியாது. மலை மொட்டை ஆயிட்டு வருதா இல்லையா, அதைச் சொல்லு. ஆவுதுல்ல? அப்பறம் எண்ணு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தா என்ன?"

கொஞ்சம் இல்லை சார், மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் என்றாள். எல்லாக் கணக்கும் ஒரு மாதிரியை எடுத்துத்தான் போடுகிறோம், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார் அவர்.

"நீங்க எடுத்த சோறு அந்தப் பானை சோறு இல்லீங்க சார். விருந்துக்கு வடிச்ச பானையிலேர்ந்து எடுத்துட்டீங்க."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். ரொம்பப் பொறுமையாகப் புத்தி சொன்னார். இந்த ஆய்வு ஒரு நுழைவுச் சீட்டு மாதிரி, முதலில் உள்ளே போ, பட்டத்தை வாங்கு, வேலையில் உட்கார், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. தேதி விஷயத்தை அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிக்கொள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடிக்குறிப்பாக எழுதமாட்டேன், அத்தியாயமாகத்தான் எழுதுவேன் என்றாள். அப்படியென்றால் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். வழிகாட்டி கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு மேஜையை விட்டு நகராது. இது இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது கணியம்பாடியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். கோபம் வந்தால் அழுகை வந்துவிடும் பெண்கள் உண்டு, அவள் அந்த ரகம். அவர் மட்டும் அன்றைக்குத் தொட்டிக்கு வந்து கட்டையின்மேல் உட்கார்ந்திராவிட்டால் இந்நேரம் அவள் வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ யார் வீட்டிலோ பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அந்த மனுஷருக்கு இதுவா கைம்மாறு என்று ஒரு மனசு கேட்டது. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்கிறேன் என்று இன்னொரு மனசு சொன்னது. எண்ணை நம்பாதே, எண் எப்படி வந்தது என்று பார் என்று முதல் வகுப்பில் சொன்னவர் அவர்தான்.

வீட்டில் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்தது, வேலி வந்தால் முதல் லாபம் அத்தாவுக்குத்தான். மலை விறகு நின்றால் சனம் தொட்டிக்குத்தான் வர வேண்டும். வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து வேலி வேண்டும் என்று மனு கொடுத்திருந்தார்கள், அதில் ஹபீப் முகம்மதுவின் கையெழுத்தும் இருந்தது. அவர் அதையும் மறைக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கணக்கு சரியா?"

"சரிங்கத்தா."

"அப்ப எதுக்கு அழுவுற? தப்பா போட்டவங்கதான் அழுவணும்."

அவ்வளவுதான் சொன்னார். போய் முகத்தைக் கழுவு என்று பீபி ஜான் சொன்னாள். மனுவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வியாபாரிக்கும் மகளுக்கும் நடுவில் சில விஷயங்களைப் பேசாமல் இருப்பதே மரியாதை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் நாற்காலி போட்டுக் குழு அதிகாரி தசரதன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பலராமன். கீழே கோயில் வீதி வியாபாரிகள், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளியூர் பக்தர்கள், விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரர். எல்லாரும் மலையை நேசிப்பவர்கள். மலையை நேசிப்பதில் ஒரு வசதி உண்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். பின்னால் கதவோரம் மலையடித் தெருப் பெண்கள் கொஞ்சம் பேர் நின்றிருந்தார்கள். அபராதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். உண்ணாமலையும் இருந்தாள்.

பலராமன் அறிக்கையைப் படித்தார். நன்றாகத்தான் படித்தார். எட்டு வருஷத்தில் வழுக்கை என்ற இடத்தில் மண்டபம் உச்சுக் கொட்டியது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தசரதன் சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு, பைலைக் கட்டத் தொடங்கினார். அந்தக் கயிற்று முடிச்சு விழுவதற்குள் வஜீதா எழுந்து நின்றாள்.

எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்பதைச் சொன்னாள். தீபம் எந்தத் தேதியில் அணைந்தது என்பதைச் சொன்னாள். வழக்கத்தைச் சொன்னாள். முன்வரிசையிலிருந்து ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்வது மாதிரி மண்டபத்துக்கே கேட்கும்படி, பாய் வூட்டுப் பொண்ணுக்கு தீபத்தைப் பத்தி இன்னா தெரியும் என்றார். சிலர் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வாசல் கதவைத் திறந்தால் மலைதான் முதலில் தெரியும். தீபம் ஏற்றும் சாயங்காலம் எல்லா மாடியிலும் ஆட்கள் நிற்பது மாதிரி அவர்கள் வீட்டு மாடியிலும் நிற்பார்கள். அதையெல்லாம் இவரிடம் எதற்குச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டும்.

"நான் சாமியப் பத்தி பேசலீங்க. தேதியப் பத்தி பேசறேன்" என்றாள். "தேதி தப்புன்னா நீங்களே சொல்லுங்க."

முன்வரிசைக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பலராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் மாணவியே, இத்தனை பேர் எதிரில். அந்த வேகத்தில் அவர் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார். இந்தப் பெண்ணின் வீட்டுக்கு மலை விறகுதான் போகிறது, அந்தப் பெண்களோடு இவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு, சொந்த ஆதாயத்தை ஆராய்ச்சி என்று சொல்லக் கூடாது என்றார். சொன்ன உடனே அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கொட்டிய பாலை அள்ள முடியுமா.

வியாபாரிகள் வரிசையிலிருந்து ஹபீப் முகம்மது எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை, தராசைப் பார்த்துத்தான் பேசுவார்.

"சார், நான்தான் இந்தப் பொண்ணோட அத்தா. விறகுத் தொட்டி வச்சிருக்கேன். வேலி போடணும்னு குடுத்த மனுவுல என் கையெழுத்தும் கீது. மலை வெறகு நின்னா இந்த ஊர்ல மொதல்ல லாபம் பாக்கறவன் நான்தான். எம்பொண்ணு இப்ப பேசறது எனக்கு நஷ்டம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா எம்பொண்ணு கணக்கு சரிங்க. அறிக்கையில போட்ட எடை நிக்காது சார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து வியாபாரிகள் அவரை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது அழுதால் எல்லாம் கெட்டது என்று வஜீதா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தசரதன் கதவோரம் நின்ற பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார், தீபம் எரியும்போது நீங்கள் மலை ஏறுவதில்லை என்பது நிஜமா என்று. கையால்தான் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டது மாதிரி அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்ணாமலைதான் வாயைத் திறந்தாள்.

"இன்னா சாமி கேக்கறீங்க, அவர் தலையில வெளக்கு எரியுது, நாங்க கத்தியத் தூக்கினு போவமா?"

தசரதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நியாயஸ்தர் என்றோ அநியாயக்காரர் என்றோ சொல்ல முடியாது, வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். வருஷம் முழுக்க மாதம் சில நாள் எண்ணி, புது அறிக்கை கொடுங்கள், அதுவரை வேலி வேண்டாம் என்று பலராமனிடம் சொல்லிப் பைலைக் கட்டினார்.

மண்டப வாசலில் பலராமன் வஜீதாவைத் தாண்டிப் போனார். நாளையிலிருந்து என் அறைக்கு வர வேண்டாம் என்று சொன்னார், நிற்காமல். அவர் செருப்பு தேயும் சத்தம் தெருமுனை வரை அவளுக்குக் கேட்டது.

அப்புறம் மாதங்கள் போயின. வேறு பேராசிரியர்கள் யாரும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை, பலராமன் விட்ட மாணவியை ஏன் தொட வேண்டும் என்று ஒதுங்கினார்கள். ஆய்வேடு முக்கால்வாசி எழுதிய நிலையில் பெட்டியில் கிடந்தது. சொந்தக்காரர்களின் முணுமுணுப்புக்குத் தெம்பு வந்தது. அதிகம் படித்தால் வாய் நீளும் என்றார்கள். ஆமாம், அதற்குத்தான் படித்தேன் என்றாள் வஜீதா. பீபி ஜான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பலராமனின் மாணவர்கள் மாதாமாதம் வந்து அடிவாரத்தில் எண்ணிவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் அவர்களில் ஒருவனிடம், கார்த்திகையில் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். தீபம் எரியும்போது வரமாட்டோம் என்றான். விறகே இறங்காத நாளில் வந்து எதை எண்ணுவது, வீண் செலவு என்று சார் சொல்லிவிட்டாராம். வஜீதாவுக்குத் திக்கென்றது. வெறும் நாட்களை விட்டுவிட்டு, அணைந்த பிறகு வரும் வெள்ளத்தை மட்டும் சேர்த்தால் கார்த்திகைக் கணக்கு மறுபடியும் ஊதிவிடும். அதே பிழை, புதுச் சட்டை.

சரி, நீங்கள் எண்ணாவிட்டால் நான் எண்ணுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். மலை உச்சியில் தீபம் ஏறிய மறுநாள் காலையிலிருந்து, பெண்கள் வழக்கமாக இறங்கும் பாதையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். பனி காதைக் கடித்தது. பீபி ஜானின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்கில் டீ வைத்துக்கொண்டு, மடியில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. சாயங்காலம் தாளில் பூஜ்யம் போட்டாள். மறுநாளும் பூஜ்யம். கிரிவலம் போகிறவர்கள் அவளை வேடிக்கை பார்த்தார்கள். வேண்டுதலா பொண்ணே என்று ஒரு பாட்டி விசாரித்தாள். ஆமாம் பாட்டி, பெரிய வேண்டுதல் என்றாள். உண்ணாமலை வந்து, வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பாறைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வெற்றிலை போட்டாள். நாங்கதான் வரமாட்டோமே, நீ எதுக்கு இப்படி குளிர்ல காயறே என்று திட்டினாள். வரவில்லை என்று எழுதுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே அக்கா என்றாள் வஜீதா. எழுதி இன்னா ஆவப்போவுது என்று சொல்லிவிட்டு, மறுநாளும் உண்ணாமலை வந்து உட்கார்ந்தாள்.

நாலாவதோ ஐந்தாவதோ நாள் காலை. பனி விலகும்போது பாதையில் ஒரு ஆள் தெரிந்தார். மப்ளர் சுற்றிய தலை, கையில் மஞ்சள் பை. பலராமன். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். அவள் எண்ணுவதைப் பற்றி மாணவன் எவனோ சொல்லியிருக்க வேண்டும்.

வஜீதா எழுந்து நின்றாள். வணக்கம் சொன்னாள், நகரவில்லை. அவர் மலையைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார்.

"ஆள் இல்லாத எடத்துல என்னத்தம்மா எண்ற?"

"ஆள் இல்லாததைத்தான் சார்."

அவர் அதே பாறையில், அன்றைக்குத் தொட்டிக் கட்டையின்மேல் உட்கார்ந்த மாதிரியே, வேட்டி அழுக்கைப் பார்க்காமல் உட்கார்ந்தார். வஜீதா பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வெயில் ஏறி, பாதை வெள்ளையாகத் தெரியும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டு விறகு இறங்கவில்லை. எழுந்து போகும்போது அவர் தாளை வாங்கிப் பார்த்தார், வரிசையாக இருந்த பூஜ்யங்களை விரலால் தடவினார். இதையும் ஆய்வேட்டில் சேர்த்து டைப் செய்து எடுத்துவா என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துப் போட்ட புது அறிக்கையில் எண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. மலை மொட்டையாவது விறகுக்காரிகளால் மட்டும் இல்லை, கோடைத் தீயும் மேய்ச்சலும் அதைவிடப் பெரிய காரணம் என்று பலராமனே எழுதினார். வேலிப் பைல் எங்கோ ஒரு அலமாரியில் தூங்கப் போய்விட்டது. சர்க்கார் பைல் தூங்குவதும் சில சமயம் தர்மம்தான்.

மறு வருஷம் வேலூரில் வஜீதாவின் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயசானவர், கறாரானவர். ஆய்வேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கேள்விகள் கேட்டார், அவள் பதில் சொன்னாள். பலராமன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மூன்றாம் அத்தியாயத்து அட்டவணைக்கு வந்ததும் தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பத்துப் பதினொரு வரிகள், எல்லாம் பூஜ்யம்.

இது எதற்கு என்று கேட்டார். தகவல் இல்லாத நாட்களை அட்டவணையில் போடக் கூடாது என்பது பாலபாடம். இந்த வரிகளை எடுத்துவிட்டு வா, மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

வஜீதா ஆய்வேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் போயிற்று, இன்னொரு வருஷமும் போகட்டும் என்று தோன்றியது.

"எடுக்க மாட்டேன் சார். தகவல் இல்லாத நாள் இல்ல அது. ஒவ்வொரு நாளும் அங்க ஒக்காந்து எண்ணினது. இந்தப் பூஜ்யத்தாலதான் சார் அந்தத் தெரு இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

தேர்வாளர் பலராமனைத் திரும்பிப் பார்த்தார், உங்கள் மாணவிக்கு நீங்களாவது சொல்லக் கூடாதா என்கிற பார்வை.

பலராமன் கையை நீட்டி மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, பின்பக்கம் செருகி, தேர்வாளர் கையில் கொடுத்தார்.